இரவல் முகம்

பதூமியில் மழை விட்ட நாளில் நான் தூரிகை எடுப்பதில்லை.
திடீர் வெயில் எல்லோரையும் நல்லவர்களாகக் காட்டிவிடும்.

சியாலா வந்த அன்று நல்ல மழை.
குடையை மடக்காமல் வாசலிலேயே நின்று
மாலுமிப் புத்தகம் ஒன்றை நீட்டினாள்.
உள்ளே கட்டைவிரல் நகமளவு கணவன்,
நெற்றியில் பாதி துறைமுக முத்திரை.
"இதை வெச்சு முடியுமா, நானுலி?"
முடியாது என்றேன்.
பணம் போதவில்லையோ என்று நினைத்திருப்பாள்.
கைப்பையைத் திறந்தாள், மூடினாள், போனாள்.

அடுத்த செவ்வாய் ஆளை அனுப்பியிருந்தாள்.
இறந்தவனின் தம்பி, ஜும்பர்,
துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன்.
அதே மூக்காம், அதே தாடையாம்.
கையில் மடித்த பழுப்புக் கோட்டு.
"அண்ணி இதைப் போட்டுக்கச் சொன்னாங்க."
போட்டான். தோளில் இரண்டு விரற்கடை மிச்சம்.
பைக்குள் கையை விட்டவன்
சுட்டதுபோல் வெளியே எடுத்தான்.
உள்ளே என்ன இருந்தது? இன்றுவரை கேட்கவில்லை.

நான் கண்ணில் தொடங்குவதில்லை.
காதுக்கும் தோளுக்கும் இடையிலுள்ள
வெற்றிடத்தை அளப்பேன் முதலில்.
முகம் பொய் பழகிய உறுப்பு,
கழுத்துக்கு அவ்வளவு சாமர்த்தியம் போதாது.
பிறகு, சதை வரவேண்டிய இடமெங்கும் பச்சை.
அதைப் பார்த்துப் பதறினான்:
"செத்தவன் மாதிரியே..."
வாக்கியத்தை முடிக்காமல்
சூரியகாந்தி விதை கொறித்தான்.

இரண்டாம் வாரம் சொன்னான், அண்ணன் சிரித்த முகம் என்று.
சிரித்துக் காட்டினான்.
உதடு போய்விட்டது, கன்னம் பின்தொடரவில்லை.
இன்னொரு முறை.
கத்தியால் சுரண்டி எடுத்தேன்.
மூன்றாம் வாரமும் சுரண்டினேன்.
தரையில் அவன் வாய்கள்
சுருள்சுருளாய்க் கிடந்தன.

ஐந்தாவது வாரம்
நான் வெள்ளை குழைத்துக்கொண்டிருந்தபோது
ஜன்னலிடம் சொல்வதுபோல் சொன்னான்:
"ஆறு வருசம் பேசலை.
ஒரு படகு மோட்டாருக்காக."
என்ன விலை என்று கேட்டுத் தொலைத்தேன்.
சொன்னான்.
"பெட்டி தூக்கினேன். பின்பக்கம் நான்.
கனமே இல்லை."

அப்போதுதான் பார்த்தேன் வலது தோளை.
அது பெட்டியை இன்னும் இறக்கிவைக்கவில்லை.

அன்று வெளிச்சம் போகும்வரை தோளை மட்டும் வரைந்தேன்.
மழைச் சத்தம், எண்ணெய்க் கப்பலின் ஊதல்,
நடுவில் அவன் அழுதானா தெரியாது.
நான் கோட்டின் ஒரு மடிப்புக்குள் இருந்தேன்.
யாராவது அழும்போது நான் பெரும்பாலும்
ஏதாவது ஒரு மடிப்புக்குள் இருப்பேன்.
இந்தத் தொழிலின் வெட்கம் இது,
என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் செவ்வாய்
சியாலா வந்தாள், ஈரக் காலணியோடு.
நெடுநேரம் பார்த்தாள்.
"இது அவர் இல்லை."
தெரியும் என்றேன்.
"இவன் எப்பவும் இப்படித்தான் உட்காருவானா?"
ஒன்பது வாரமும் என்றேன்.

திரும்பிப் போனவள் நின்றாள்.
கோட்டின் மூன்றாவது பொத்தான்.
பழுப்புத் துணியில் கறுப்பு நூல்.
கண்ணில் பட்டதை வரைந்திருந்தேன், அவ்வளவுதான்.
"பழுப்பு நூல் தீர்ந்துபோச்சு அன்னைக்கு.
கப்பலுக்கு நேரமாச்சுன்னு கத்தினார்.
பல்லால கடிச்சு அறுத்தேன்,
அவர் நெஞ்சுல முகத்தை வெச்சு."

தடுப்பதற்குள் தொட்டுவிட்டாள்.
எண்ணெய்ச் சாயம் காய வாரங்கள் ஆகும்.
விரல்நுனியில் கறுப்பு.
துடைக்கத் துணி கொடுத்தேன், வாங்கவில்லை.
அந்த விரலை மட்டும் தனியே நீட்டியபடி
மற்ற விரல்களால் பணத்தை எண்ணிவைத்தாள்,
முழுத்தொகை.
படத்தை எடுத்துப்போகவில்லை.

அடுத்த செவ்வாய் ஜும்பர் வந்தான்.
யாரும் அழைக்கவில்லை.
கோட்டு இல்லை, சட்டையோடு நனைந்திருந்தான்.
சுவர்ப்பக்கம் திருப்பிவைத்த படத்தைப் பாராமல்
அதே நாற்காலியில் அமர்ந்தான்.
கேன்வாஸ் எதுவும் தயாராக இல்லை.
பழைய பலகை ஒன்றைத் தேடி எடுத்துக்
காதிலிருந்து தோள்வரை அளந்தேன்.

ஒரு நூல் குறைந்திருந்தது.

மழை விட்டுவிட்டது இதற்குள்.
என் கண்ணை எவ்வளவு நம்புவது
தெரியவில்லை.